மாடு நக்கிய டயர்கள் குறித்துத் தம்பிக்கு

சூரமங்கலம், சேலம்.
ஆயுத பூஜை கழிந்த சனிக்கிழமை.

அன்புத் தம்பி சின்னராஜுக்கு,

அக்கா வசந்தாமணி எழுதுவது. இங்கு நான் நலம்; என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கு நீயும் உன் தறிகளும் உன் இரத்த அழுத்தமும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். கைப்பேசி இருக்கையில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். கைப்பேசியில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது வினைமுற்றை அடைவதற்குள் "செரி செரி, வெச்சிடட்டுமா?" என்கிறாய். காகிதத்தின் குறுக்கே உன்னால் பேச முடியாது. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுவதையும் படி.

நீ என்னிடம் ஒப்படைத்த பணியை உனக்கே நினைவூட்டுகிறேன். உன் மகள் ரஞ்சனி, பொறியியல் படித்தவள், பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் கார் டீடெய்லிங் கடை வைத்தாள். "நெசவு செஞ்ச கை, ஊரான் காரு கழுவறதா? வெண்ணந்தூர்ல நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமா?" என்று நீ குதித்தாய். பிறகு, நான் வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், எந்தப் பக்கமும் சாயாதவள் என்று என்னைப் புகழ்ந்து, ஆயுத பூஜை வரை கடையைக் கவனித்துத் தீர்ப்பு எழுதச் சொன்னாய். ரஞ்சனியும் ஒப்புக்கொண்டாள். "அத்தெ மூடச் சொன்னா அன்னிக்கே சாவியக் குடுத்துட்டு பெங்களூர் பஸ் ஏறிடறேன், போதுங்களா?" என்றாள். ஆக, ஓர் இளம்பெண்ணின் பிழைப்பு என் பேனா முனையில் தொங்குகிறது. இதை நான் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் மாட்டிவிட்ட வேலையை அரைகுறையாகச் செய்யும் வழக்கமும் எனக்கு இல்லை.

கார் கழுவுவது வேறு, டீடெய்லிங் வேறு என்பதை முதலில் நீ விளங்கிக்கொள்ள வேண்டும். கழுவுவது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. டீடெய்லிங் என்பது காதுக்குப் பின்னால் தேய்ப்பது. அதில் இறுதியாக வருவது டயருக்குப் பாலிஷ் பூசுவது. பார்ப்பதற்கு இது அற்ப வேலை. ஆனால் சேலத்து மனிதன் வேலைக்கு விட்ட காரைத் திரும்ப வாங்க வந்து நின்றதும் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, டயரை என்பதை இந்த வாரங்களில் கண்டுகொண்டேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்த பரம்பரை, வேறெதைப் பார்க்கும்?

ரஞ்சனியிடம் இரண்டு வகைப் பாலிஷ் இருந்தது. ஒன்று எண்ணெய் போன்றது. பூசினால் டயர் ஈரமாக இருப்பதுபோல் மின்னும். மற்றொன்று தண்ணீரில் கலந்த பால் போன்றது. பூசினால் மினுமினுப்பின்றி, புது டயரின் கருமை மட்டும் வரும். அவள் பாலைத்தான் பரிந்துரைப்பாள். வாடிக்கையாளர்கள் எண்ணெயைத்தான் கேட்பார்கள். நான் யார் சொல்லையும் நம்புகிறவள் அல்ல. என் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, இடப்பக்கத்து டயர்களுக்கு எண்ணெய், வலப்பக்கத்துக்குப் பால் என்று சோதனை வைத்தேன். பூசுவதற்கு முன் டயரை பிரஷ் கொண்டு, பழுப்பு நுரை போய் வெள்ளை நுரை வரும்வரை தேய்க்க வேண்டும் என்றாள், தேய்த்தோம். ஸ்பாஞ்சில் மெலிதாகத் தொட்டுப் பூசி, மிகுந்ததைத் துணியால் ஒற்றி, காயவிட்ட பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்றாள். பாலுக்கு அப்படியே செய்ய அனுமதித்தேன், எண்ணெய்க்கு மறுத்தேன். பூஜைக்கு முதல் நாள் எந்த ஆண்மகன் டயர் காயும்வரை காத்திருப்பான்? அவன் செய்வதைப்போல் எண்ணெயைத் தடிப்பாக அப்பி, உடனே ஓமலூர்ச் சாலையில் போய்த் திரும்பினேன். வலப்பக்கம் பழுதில்லை. இடப்பக்கக் கதவுகள் முழுவதும் கறுப்புப் புள்ளிகள், அம்மை போட்ட முகம்போல. இறங்கி வந்து அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்த என் வெள்ளைப் புடவையிலும் அதே அம்மை. ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோதனை முடிவு என் புடவைக்குப் பிடிக்காதது. எனினும் முடிவு முடிவுதான் என்று குறித்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர்கள் புடவை கட்டுவதில்லை என்பதால் அவர்களுக்கு இது புரிவதில்லை. நாமகிரிப்பேட்டையில் முட்டை வியாபாரம் செய்யும் பெரியசாமி என்ற மனிதர் பூஜைக்கு முதல் நாள் வந்தார். மீசை பெரிது, கார் அதைவிடப் பெரிது.

"ஏனுங்க, டயருன்னா கண்ணாடியாட்ட மின்னோணுங்க. அதுல மூஞ்சி பாத்து நான் மீச ஒதுக்கோணும்."

"மீச ஒதுக்க உள்ளயே கண்ணாடி இருக்குதுங்கண்ணா. டயரு ரோட்டப் பாத்துப் போவட்டும்" என்றாள் உன் மகள்.

"செரி, அடியில ரோட்டத் தொடுற எடத்துலயாச்சும் நல்லா எண்ணெயப் போடுங்க. பூசைக்கு முழுசா கருகருன்னு இருக்கோணுமில்ல?"

"அங்க ஒரு சொட்டுக்கூடப் போட மாட்டேனுங்க. வழுக்கும், பிரேக் புடிக்காது. உங்க வண்டி அடுத்த பூசைக்கும் என் கடைக்குத்தான் வரோணும், ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாது."

"புள்ள நல்லாப் பேசுது. வேல எப்படின்னு பாப்போம்" என்று அவர் எனக்கெதிரே உட்கார்ந்து, என் செய்தித்தாளில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். நான் இதையும் குறித்துக்கொண்டேன். இணங்கிப்போய் எண்ணெயை அப்பியிருந்தால் அவளுக்கு வேலை சுலபம். மறுக்கத் தெரிந்த கடைக்காரி இந்த ஊரில் அரிது.

இனிக் கடையின் உதவியாளரைப் பற்றி. பெயரை வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பெண்மணி, நெசவுக் குடும்பம், கணவர் முன்கோபி. சனிக்கிழமைதோறும் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் சேலம் பஸ் ஏறி இங்கே வந்துவிடுகிறார். கார் இருக்கைகளின் துணியை அவர் சுத்தம் செய்வதைப் பார்க்க வேண்டும். கறை தானாக மன்னிப்புக் கேட்டு வெளியேறும். மாலையில் திரும்பும்போது எங்கள் தெருமுனை டீக்கடையில் வடை வாங்கி, அதைப் பிரசாதம் என்று அந்தக் கணவருக்குக் கொடுக்கிறார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவதாகக் கேள்வி.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்தப் பெண்மணி இரண்டு நாள் சிறப்பு அபிஷேகம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வண்டிகள் பஸ் நிறுத்தம் வரை நின்றன. ரஞ்சனி கொட்டகையின் பின்புறம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் முன்புறம் உட்கார்ந்து, வரிசையை முந்த முயன்றவர்களைப் பார்வையாலேயே பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பிற்பகலுக்கு மேல் டயர்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அதுவரை வந்த கருமையைவிட ஆழ்ந்த கருமை. ஒரே சீராக, திட்டில்லாமல், கோடில்லாமல். தெறிப்பும் இல்லை. பெரியசாமி குனிந்து பார்த்து, "மூஞ்சி தெரியலீங்க, ஆனா பட்டாட்ட இருக்குது" என்று மகிழ்ந்து வண்டியை எடுத்துப் போனார். நானும் விரலால் தொட்டுப் பார்த்து, இதுவரை கண்டவற்றில் இதுவே சிறந்த பூச்சு என்று வாய்விட்டுச் சொன்னேன். வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் சொன்னேன். முகர்ந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

மறுநாள் பூஜை. கடையில் பொரி, கடலை, சந்தனம் எல்லாம் வைத்துத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்துக்குக் குங்குமம் இட்டு முடித்த வேளையில் பெரியசாமியிடமிருந்து அழைப்பு. ரஞ்சனி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மிணி, டயருக்கு என்னத்தப் போட்டீங்க? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கலாம்னு குனிஞ்சா, பக்கத்தூட்டு மாடு கயித்த அத்துக்கிட்டு வந்து டயர நக்குது. வெரட்டுனா போயி, கூட இன்னொண்ண இட்டாருது. எங்க மாமியாரு, லட்சுமியே வந்துட்டான்னு மாட்டுக்குச் சூடம் காட்டறாங்க. எனக்கு வண்டிய எடுக்க வழியில்ல!"

ரஞ்சனி பாலிஷ் கேனைத் திறந்து முகர்ந்தாள். பிறகு டீ போடும் அடுப்பின் மேலிருந்த குண்டாவைப் பார்த்தாள்.

"அம்மா! என்னம்மா போட்ட?"

பேனா முந்திவிட்டது. மையால் எழுதியதை அடித்துத் திருத்துவது மாணவப் பருவம் முதலே எனக்கு ஒவ்வாது. ஆகவே: ஆம், உன் மனைவி அங்கம்மாள்தான். எழுந்திருக்காதே. தண்ணீர் குடி. மேலே படி.

"எதுக்கு இப்பக் கத்தற? கஞ்சிதான போட்டேன்" என்றாள் அங்கம்மாள், குற்றம் சாட்டப்பட்டவளின் குரலில் அல்ல, நன்றி கிடைக்காதவளின் குரலில். "கேனு காலியாயிருச்சு. உள்ள பாத்தா வெள்ளையா, கொழகொழன்னு. எங்கூட்டுத் தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியாட்டவே இருந்துச்சு. ஜவ்வரிசியக் காய்ச்சி, வடிகட்டி, ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெ விட்டு, பாவுக்குப் பிரஷ் போடறாப்ல ஒரு இழுப்பா இழுத்துட்டேன். நூலுக்கு ஆவுறது டயருக்கு ஆவாதா? வந்த வண்டிய பூசைக்கு மூளியா அனுப்பச் சொல்றியா?"

தம்பி, ஒரு பொருளின் நிறமும் பதமும் ஒத்திருந்தால் பொருளும் ஒன்றே என்று கருதும் பிழையை நான் முப்பது ஆண்டு மாணவர்களிடம் பார்த்தவள். ஆனால் டயருக்குக் கஞ்சி போடும் துணிவு நெசவுக் குடும்பத்தைத் தவிர வேறெங்கும் வராது. அதிலும் நம் மாவட்டத்து மாடுகள் ஜவ்வரிசி ஆலையில் கழிந்த கிழங்குச் சக்கையான திப்பியைத் தின்று வளர்ந்தவை. ஊரெல்லாம் அவற்றுக்குத் தாய்ப்பாலைத் தடவி நிறுத்தியிருக்கிறாள் உன் மனைவி. அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. ஒரு டாக்டரின் காரில் எறும்புகள் சக்கரத்துக்குச் சக்கரம் ஊர்வலம் போயின. ஒரு வங்கி அதிகாரியின் வாசலில் தெரு நாய்கள் டயருக்கு ஒன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டன. போதாததற்கு ஐப்பசி மழை முந்திக்கொண்டு ஒரு தூறல் போட்டது. நனைந்த டயர்களெல்லாம் பழைய சோற்றுப் பானைபோல் வழிந்தன.

ரஞ்சனி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். "போச்சுங்கத்தெ. அப்பா சொன்னதுதான் ஆச்சு" என்று சொல்லி, கடைச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். அங்கம்மாள் முந்தானையால் குண்டாவை மூடினாள், அதிலாவது ஏதேனும் மறையும் என்பதுபோல.

நான் சொன்னேன்: "தீர்ப்பு எழுதுவது என் வேலை. சாவியை நீயாக வைப்பது முறையன்று. எடுத்து இடுப்பில் செருகு. முதலில் மாட்டைப் பார்ப்போம்."

ஊரே பொரி தின்றுகொண்டு ஓய்ந்திருந்த நாளில், வாளி, பிரஷ், அவசரத்துக்கு இன்னொரு கடைக்காரர் கடனாகக் கொடுத்த புதிய பால் பாலிஷ் கேன் ஆகியவற்றை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டினேன். இந்த வயதில் ஓட்டலாமா என்று நீ கேட்காதே. அது வேறு வழக்கு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரஞ்சனி இறங்கி ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "தப்பு எங்க கடையிலதானுங்க நடந்துச்சு, கழுவிச் செரி பண்ணிட்டுத்தான் போவேன்." யார் செய்தார்கள் என்று ஓரிடத்தில்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. பின்னிருக்கையில் அங்கம்மாள் ஜன்னலுக்குக் கீழே குனிந்து ஆஞ்சநேயரை அழைத்துக்கொண்டிருந்தாள். வாரந்தோறும் ஏமாற்றிய தெய்வத்தை அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருமா என்று கேட்டேன். "நீங்க சும்மா இருங்கண்ணி, அவரு கோவக்காரரில்ல, உங்க தம்பியாட்ட" என்றாள்.

நாமகிரிப்பேட்டையை அடைந்தபோது பெரியசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கார் நின்ற இடத்தில் மாடுகளும் நின்றன. டயர்கள், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அப்பழுக்கின்றி இருந்தன. அப்படி ஒரு சுத்தத்தை எந்த பிரஷும் தராது. ரஞ்சனி மாடுகளை நகர்த்திவிட்டுத் தேய்த்தாள், வெள்ளை நுரை வரும்வரை. மெலிதாகப் பூசினாள், ஒற்றினாள், காயும்வரை வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மாடு ஒன்று திரும்பி வந்து முகர்ந்து பார்த்து, ஏமாற்றமடைந்து போயிற்று. பெரியசாமி அதைக் கண்டு மீசையை நீவிக்கொண்டார்.

"மின்னலைன்னா போவுது. மாடு வரலீன்னாப் போதும். ஏஞ்சாமி, உங்கப்பன் யாரு?"

"வெண்ணந்தூர் தறிக்காரரு, சின்னராஜுங்க."

"நம்ம சின்னராஜ் புள்ளையா! தப்புப் பண்ணாத கடைன்னு நெறையப் பேரு சொல்லிக் கேட்டிருக்கறேன். தப்பப் பண்ணிப்போட்டு ஊடு தேடி வந்த கடைய இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்கிட்ட முட்டை வண்டிங்க நெறைய நிக்குது. வார வாரம் வந்துரும், பாத்துக்க."

எனவே, எந்தப் பக்கமும் சாயாமல் என் தீர்ப்பை எழுதுகிறேன். ரஞ்சனியின் குறைகள்: பிடிவாதம், அது நம் அப்பாவிடமிருந்து வந்தது, என் புடவையைப் பார்த்துச் சிரித்தது, அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, உதவியாளர் தேர்வில் பலவீனம். நிறைகள்: எதைப் பூச வேண்டும் என்று தெரிந்திருக்கிறாள், எங்கே பூசக் கூடாது என்பதை அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறாள், பிறர் செய்த பிழையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு துடைக்கத் தெரிந்திருக்கிறாள். இந்த மூன்றாவதைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்க நாங்கள் யாரும் துணிந்ததில்லை. கடை நடக்கட்டும். அங்கம்மாள் இருக்கைத் துணிகளோடு நிற்கட்டும். டயர்ப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அவள் சனிக்கிழமைகளை நீ அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நான் வாக்குத் தவறியவள் ஆவேன். உன் கோபத்தை இந்தத் தீபாவளிவரை ஒத்திவை. அதற்குள் ஆறினால் இருவருக்கும் நன்று.

உன் தறிகள் நூல் அறாமல் ஓடட்டும். உன் வாசலுக்கு நல்லவர்கள் மட்டும் வரட்டும். மாடுகள் அளவாக வரட்டும். எல்லா நலனும் பெருகுக என்று மூத்தவள் மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
வசந்தாமணி

பி.கு. கடையில் உட்கார்ந்து இதை மடிக்கும் நேரத்தில் வாசலில் உன் கார் வந்து நிற்கிறது. அங்கம்மாள் கையில் ஈரத் துணியோடு தண்ணீர்த் தொட்டியின் பின்னால் பாய்ந்துவிட்டாள். உன் ஓட்டுநர் சடையன் இறங்கி, தொட்டியைப் பார்த்தே பேசுகிறான்: "அம்மாவ ஒளிய வேண்டாம்னு ஐயா சொல்லச் சொன்னாருங்க. முட்டைக்காரரு பெரியசாமி நேத்தே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. ஐயா வண்டிக்குப் பளபளப்பு வேண்டாம், அந்தத் தண்ணிப் பாலே போடுங்க, அடியில மட்டும் போட வேண்டாம்னாரு. மாசாமாசம் வண்டி இங்கதான் வரும்னாரு. அப்பறம்..." என்று தயங்கி, "அனுமாரு கோயில் வடையில வெங்காயம் இருக்காதாமுங்க. அது மொத சனிக்கிழமையே தெரியுமாம். ஆனா வடை நல்லா இருக்குதாம், நிறுத்திப்போட வேண்டாம்னு சொன்னாருங்க."

ஆக, மேலே உள்ள பக்கங்கள் அனைத்தும் வீண். நான் பாரபட்சமின்றி எழுதி முடிப்பதற்குள் நீ வெங்காயத்தை வைத்தே தீர்ப்பு வழங்கிவிட்டாய். எனினும் எழுதியதைக் கிழிப்பவள் அல்ல நான், சடையனிடமே கொடுத்தனுப்புகிறேன். டயர் காயும்வரை வண்டியை எடுக்கவிடமாட்டேன் என்று ரஞ்சனி அவனை உட்கார வைத்திருக்கிறாள். அங்கம்மாள் தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்து, டயரையே பார்த்தபடி நிற்கிறாள். வண்டி வெண்ணந்தூர் வந்து சேரும்போது பின்னால் மாடு ஏதும் தொடர்ந்து வந்தால், நான் கடிதம் மடித்த நேரத்தில் அவளைக் கவனிக்கவில்லை என்று அறிந்துகொள்.